பழைய சீ.ஆர். கொப்பியில் 18 விண்ணப்பங்கள்: எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் சொல்வது எப்படி?

வெள்ளவத்தை மகள் | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நெடுநாளாக இங்கே வாசிப்பதோடு நிற்கிறேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் இழை தொடங்குகிறேன்.

காலையில் அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு சீ.ஆர். கொப்பி அகப்பட்டது. 2022இல் எங்கள் வீட்டு இரவு ஜெபத்துக்காக அம்மா வைத்திருந்த கொப்பி. நீல மட்டை, மூலையில் மெழுகுதிரி உருகி விழுந்த தடம். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த இரவுகளில் எழுதத் தொடங்கியது.

முதல் பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்தில் 18 விண்ணப்பங்கள். காஸ் கிடைக்க வேண்டும். அப்பாவின் பிரஷர் குளிசை ஏதாவது ஒரு பார்மசியில் இருக்க வேண்டும். தம்பியின் வேலை போகக்கூடாது. மேல்மாடி அன்ரியின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும். அக்காவின் பிள்ளைக்குப் பால்மா. இப்படியே போகிறது.

பேனையை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தபடி, நடந்தவற்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். 17க்குச் சரி விழுந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த 17இல் ஒன்றுக்குக்கூட நாங்கள் குடும்பமாக இருந்து ஸ்தோத்திரம் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. காஸ் கிடைத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்கு நாள் கியூவில் நின்று, 12.5 கிலோ சிலிண்டரைத் தம்பி தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றினான். அம்மா அந்த நிமிஷமே பருப்பை அடுப்பில் வைத்தார். சுடச்சுடச் சாப்பிட்டோம். அன்றிரவு ஜெபத்தில் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டோம். லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேரும் கல்நெஞ்சர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அவர்களும் எங்களைப் போலத்தான் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள் என்று இப்போது படுகிறது.

சரி விழாதது 7ஆவது வரி. "அப்பா நத்தாருக்கு முன்னர் எழும்பி நடக்க வேண்டும்." அப்பா நடக்கவில்லை. பக்கவாதம் வந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்து, நத்தாருக்கு ஐந்து கிழமை முன்னர் போய்விட்டார்.

நாளைக்கு இந்தக் கொப்பியை எடுத்து வைத்து, பிந்தினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுவோம் என்று நினைக்கிறேன். 7ஆவது வரிக்கு வரும்போது என்ன செய்வது? அதைத் தாண்டிப் போகவா? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வசனம் இருக்கிறதே. இன்னொன்று, தினசரி வாழ்க்கையில் நன்றி சொல்ல மறக்காமல் இருக்க நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?

மட்டக்குளி தையல் | சனி, இரவு 9.40

மகள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நான் 22 வருடமாக வீட்டில் தைக்கிறேன், பள்ளிக்கூட யூனிபோமும் சாரி பிளவுஸும். காலையில் எழும்பி நீளமாக ஜெபம் பண்ண எனக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் மிஷினில் பொபின் நூல் முடிந்தால் நிறுத்தத்தான் வேண்டும். அந்தப் பொபினைச் சுற்றி எடுக்க ஒரு நிமிஷம் போகும். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு நன்றி என்று வைத்துக்கொண்டேன். பொதுவாக "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்வதில்லை, ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்வேன். இன்றைக்கு ஒரு தாய் பழைய பாக்கி 800 ரூபாவைத் தானாகவே கொண்டுவந்து தந்தார். அதற்கு ஒன்று. யன்னல் பக்கம் காற்று வந்தது. அதற்கு ஒன்று. வேலை நெருக்கமான நாளில் ஏழெட்டுப் பொபின் முடியும். "ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்று 119ஆம் சங்கீதத்தில் இருப்பதை வாசித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நைட் டியூட்டி | சனி, இரவு 11.05

அக்கா, நான் தாதி. சபை பெந்தெகொஸ்தே. எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: மனம் வரும்வரை காத்திருந்தால் துதி வராது. வாய் முதலில் திறக்க வேண்டும், மனம் பின்னால் வரும். எபிரெயர் 13:15 அதை "ஸ்தோத்திரபலி" என்கிறது. பலி என்றால் ஏதாவது செலவாக வேண்டும். பவுலும் சீலாவும் அடிபட்ட முதுகோடு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் சிறைக்குள் பாடினார்கள். கதவு திறந்த பிறகு பாடவில்லை.

எங்கள் வார்டில் இரவு 2 மணிக்குப் பிறகுதான் கஷ்டமான நேரம். நான் கட்டில் கட்டிலாகப் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன். இந்த ஐயாவுக்கு இன்றைக்கு யூரின் போனது, ஸ்தோத்திரம். இந்த அம்மாவின் சேலைன் அடைக்காமல் இறங்குகிறது, ஸ்தோத்திரம். அசைய முடியாத நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்போம். திருப்பும்போது முதுகில் சிவப்பு இல்லை என்றால் அதற்கும் ஸ்தோத்திரம். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். படுக்கைப் புண் வந்த ஒருவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய கிருபை என்று.

7ஆவது வரியைத் தாண்டாதீர்கள் அக்கா. வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவர் "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற" தேவன். நீங்கள் துதிக்கும்போது அந்த இடத்துக்கு வருவார்.

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 5.50

ஆராதனைக்குப் போகுமுன் எழுதுகிறேன். தங்கச்சி நைட் டியூட்டி எழுதியதில் பெரும்பகுதிக்கு ஆமென். கட்டில் கட்டிலாகச் சொல்லும் ஸ்தோத்திரத்தை இன்றைக்கு என் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆனால் ஒரு விஷயம். "துதிகளுக்குள் வாசமாயிருக்கிற" என்பது 22ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனம். அதே சங்கீதத்தின் 1ஆம் வசனம் எது? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் நம் ஆண்டவர் சொன்ன வார்த்தை. துதிகளுக்குள் வாசம்பண்ணுகிறவரிடம்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, இரண்டு வசன இடைவெளியில். அதனால் கேள்வி கேட்கிற வாய் துதிக்கிற வாயாக இருக்க முடியாது என்று யாரும் நினைக்கக்கூடாது.

வெள்ளவத்தை மகளின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எடுத்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. "எல்லாவற்றிலேயும்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு கவனமாகவே போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் "என் பன்ட்டி", அதாவது எல்லாவற்றுக்குள்ளும் இருந்துகொண்டு. அப்பா இறந்ததற்காக ஸ்தோத்திரம் சொல் என்று அந்த வசனம் கேட்கவில்லை. அப்பா இறந்த அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு ஸ்தோத்திரம் சொல் என்கிறது. இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தச் சபையில் அன்பானவர்களை அடக்கம் பண்ணியவர்கள் இருந்தார்கள். முந்தின அதிகாரத்திலேயே பவுல் மரித்தவர்களைப் பற்றி எழுதுகிறார். துக்கப்படாதே என்று சொல்லவில்லை, நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதே என்றுதான் சொல்கிறார்.

எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் பல வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். நாலு வசனத்துக்கு மேலே, 5:16இல், அதே பவுல் "நாட்கள் பொல்லாதவைகள்" என்கிறார். பொல்லாததைப் பொல்லாதது என்று பெயர் சொல்லிவிட்டு, உடனே அதற்காகவே நன்றி சொல்லச் சொல்வாரா? தீமையை நன்மை என்று அழைக்க அவர் யாரையும் பழக்கவில்லை. பிதா நமக்குத் தந்த எல்லாவற்றுக்காகவும் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

இன்னும் ஓரிடம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம். யோவான் 11. லாசருவின் கல்லறை வாசலில் 35ஆம் வசனம், "இயேசு கண்ணீர் விட்டார்." 41ஆம் வசனத்தில் கண்களை மேலே ஏறெடுத்து, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." எதற்காக ஸ்தோத்திரம்? லாசரு செத்ததற்கா? பிதா செவிகொடுத்ததற்கு. கன்னத்தில் ஈரம் காய்ந்திருக்குமோ தெரியாது.

மகள், 7ஆவது வரியில் அழலாம். அழுதுகொண்டே அந்த மூன்று மாதத்துக்குள் தேடிப் பாருங்கள்.

ஓட்டோ, கொட்டாஞ்சேனை | ஞாயிறு, பிற்பகல் 2.15

நான் கத்தோலிக்கன். இங்கே பெரும்பாலும் மற்ற சபைக்காரர் எழுதுவதால் பேசாமல் இருப்பேன். வாத்தியார் ஐயா எழுதியதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் விவிலியத்தில் அந்த வசனம் "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று இருக்கிறது. நீங்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னது எங்கள் தமிழில் அப்படியே நிற்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நான் காலைப் பூசைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதாகத்தான் இருந்தேன். வெளிக்கிடும்போது தெஹிவளைக்கு ஒரு ஹயர் வந்தது. மாலைப் பூசைக்குப் போகலாம் என்று எடுத்துவிட்டேன். காலி வீதியில் திரும்பி வரும்போது போன் அடிக்கத் தொடங்கியது, கோயிலில் குண்டு வெடித்துவிட்டது என்று. அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களும் உள்ளே இருந்தார்கள்.

அடுத்த நாள் தொடக்கம் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அந்தோனியார் உன்னைக் காப்பாற்றினார், கடவுளுக்கு நன்றி சொல்லு." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு வாயே வரவில்லை. என்னைக் காப்பாற்றினார் என்று நான் நன்றி சொன்னால், அதே பூசைக்குப் போன பிள்ளையின் தாய் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? கோயில்கள் மூடியிருந்தன. மறு ஞாயிறு கர்தினால் ஆண்டகை தனது சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை ரீவியில் பார்த்தோம். மனைவி முழங்காலில் நின்றாள். நான் கதிரையில் இருந்தேன், ஒரு ஜெபமும் சொல்லவில்லை.

ஜூன் 12ஆம் திகதி கொச்சிக்கடைக் கோயிலைத் திரும்பத் திறந்தார்கள், திருநாளுக்கு முந்தின நாள். ஒரு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். கூட்டம் பழையபடி. தெரியும்தானே, செவ்வாயில் அங்கே இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வருவார்கள். எனக்கு முன்னால் வெள்ளைச் சாரி உடுத்த ஒரு சிங்கள அம்மா, பன்சலைக்குப் போகும் உடுப்பு. அவர் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு அழுதார். அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு வாய் திறந்தது. அந்த ஞாயிறு நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் இரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்றவர்கள், யார் எவர் என்று கேட்காமல் நின்றவர்கள், அவர்களுக்காக நன்றி சொன்னேன். காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்காக நன்றி சொன்னேன். நான் பிழைத்ததற்காக நன்றி சொல்ல இன்னும் ஒரு வருடம் போனது. அதையும் ஒருநாள் சொன்னேன், தனியாக, ஓட்டோவுக்குள் இருந்து, சத்தமில்லாமல்.

தங்கச்சி, 7ஆவது வரிக்கு இன்றைக்கே வழி கிடைக்க வேண்டும் என்று இல்லை.

கிருலப்பனை | ஞாயிறு, மாலை 5.30

என் மனதில் கிடப்பதைச் சொல்லவா? எனக்கு "ஸ்தோத்திரம்" என்ற சொல்லே களைத்துப் போய்விட்டது. ஜெபத்தில் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று நிரப்புகிறோம். போனை எடுத்தாலும் ஸ்தோத்திரம், வைத்தாலும் ஸ்தோத்திரம்.

அதைவிட எனக்கு வலிக்கிறது சாட்சி நேரம். போன வருடம் எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வாங்கில் இருந்து கேட்பேன். ஒருவருக்குக் கனடா விசா. ஒருவருக்கு வீடு. ஒருவருக்குக் கார். எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு அது சோதனை முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் நிற்பது போல இருக்கும், என் பெயர் அதில் இல்லை. விசுவாசம் குறைவு என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது அப்படித்தான் விளங்கும். வேலை கிடைத்தபோது என்னையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் இன்னொரு தம்பி வேலை இல்லாமல் இருந்தான்.

அதற்காக நன்றி இல்லை என்று இல்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு, 176 பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அது ஸ்தோத்திரம்தான். சபையில் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

பழைய வாத்தியார் | ஞாயிறு, இரவு 7.45

தம்பி, நீங்கள் எழும்பாமல் இருந்தது அன்பினால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்தோத்திரம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. லூக்கா 18இல் பரிசேயனும் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஜெபத்தைத் தொடங்குகிறான். எதற்காக? தான் மற்ற மனுஷரைப் போலவும், பக்கத்தில் நின்ற ஆயக்காரனைப் போலவும் இராததற்காக. அடுத்தவனைக் குறைத்துத் தன்னை அளக்கும் நன்றி. "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார், நீ எவ்வளவு கொடுத்து வைத்தவன்" என்று பிள்ளைகளுக்கு நாமும் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் வகுப்பில் பல வருடம் சொல்லியிருக்கிறேன், இப்போது நிறுத்திவிட்டேன். அந்தக் கஷ்டப்படுகிறவன் நம் நன்றிக்குப் படிக்கல்லாக இருக்கக்கூடாது.

நல்ல சாட்சி எப்படி இருக்கும் என்று 34ஆம் சங்கீதம் ஓர் அளவுகோல் தருகிறது. "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன்" என்று எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த வசனம்தான் முக்கியம்: "சிறுமைப்பட்டவர்கள் அதைக் கேட்டு மகிழுவார்கள்." கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கு அது நல்ல செய்தியாகக் கேட்க வேண்டும். விசாவைப் பற்றி மட்டும் சொன்னால் விசா இல்லாதவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் நீங்கள் எப்படித் தாங்கினீர்கள், எந்த நாளில் யார் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார்கள், எந்த இரவு ஜெபம் வரவில்லை, இதைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் அந்தத் தம்பி நிமிர்ந்து கேட்பான்.

நான் மெதடிஸ்ட். புது வருடத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உடன்படிக்கை ஆராதனை. ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கியது. வேலை தந்தாலும் சரி, வேலை இல்லாமல் இருத்தினாலும் சரி, நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, நான் உம்முடையவன் என்று சபையாக எழுந்து நின்று சொல்வோம். 60 வருடமாகச் சொல்கிறேன். சில வருடங்களில் குரல் எழும்பியதில்லை. பக்கத்தில் நின்றவர் சொன்னார், நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

நைட் டியூட்டி | ஞாயிறு, இரவு 8.20

ஐயா சொன்ன 22ஆம் சங்கீதத்தை இன்றைக்கு முழுவதும் வாசித்தேன். 3ஆம் வசனத்தை நூறு தடவை மேடையில் கேட்டிருக்கிறேன். 1ஆம் வசனத்தோடு சேர்த்து வாசித்தது இன்றைக்குத்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாதம் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் நான் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள் அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அப்போது எனக்கு விளங்கவில்லை. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. ஸ்தோத்திரபலி என் கையில் இருப்பதை நான் செலுத்துவது. அந்தத் தாயின் கையிலிருந்து நான் பறித்துச் செலுத்த முடியாது. அக்கா, நேற்று உங்களிடமும் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை மகள் | ஞாயிறு, இரவு 8.50

தங்கச்சி, மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். வார்டில் நீங்கள் சொல்லும் ஸ்தோத்திரங்களை வாசித்து நான் அழுதேன். அப்பாவையும் உங்களைப் போல ஒருவர்தான் பார்த்தார்.

கொப்பியை அம்மாவிடம் காட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்தார், 7ஆவது வரியில் விரலை வைத்தார், மூடித் திருப்பித் தந்துவிட்டார். "இதை எடுத்த இடத்திலேயே வை" என்றார். இன்றைக்கு ஜெபத்தில் ஒன்றும் சொல்லவில்லை, கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துவிட்டோம். நான் அவசரப்பட்டுவிட்டேனா?

மட்டக்குளி தையல் | ஞாயிறு, இரவு 9.15

மகள், விட்டுவிடுங்கள். கொப்பியை மேல்தட்டில் வைக்க வேண்டாம், மேசையில் வையுங்கள். அவ்வளவுதான்.

என் மூத்த மகன் போனபின் மூன்று வருடம் நான் கோயிலில் பாடவில்லை. போவேன், நிற்பேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடிப்பேன், சத்தம் வராது. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நிற்பார். அவருக்கு ராகம் அவ்வளவாகச் சரிவராது. ஆனால் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, எனக்குக் கேட்கும்படி பாடுவார். ஒருநாளும் "நீயும் பாடு" என்று சொன்னதில்லை. அந்த மூன்று வருடமும் அவர் எனக்கும் சேர்த்துப் பாடினார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் என்னையறியாமல் என் குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, பாடிக்கொண்டே இருந்தார்.

பொபினுக்கு ஒரு நன்றி என்று நான் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் பொபினுக்கு அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். உங்கள் அம்மாவுக்காக இன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள். அவர் வரும்போது வருவார்.

ஓட்டோ, கொட்டாஞ்சேனை | திங்கள், இரவு 10.30

அன்ரி, இதை வாசித்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இரவில் வண்டியை விட்டபின் அன்றைய ஹயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது என் பழக்கம். எங்கள் பங்கில் ஒரு தியானத்தில் சொல்லித் தந்தார்கள். புனித இஞ்ஞாசியார் இரவு ஆன்ம சோதனையில் பாவங்களைத் தேடுவதற்கு முன்னர், கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வதை முதலாவதாக வைத்தார். இன்றைக்கு 14 ஹயர். 9ஆவது, மருதானையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பிள்ளை. வழி முழுக்க மெதுவாக ஓட்டினேன். இறங்கும்போது கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். வெள்ளவத்தைத் தங்கச்சியின் அம்மாவுக்கும்.

வெள்ளவத்தை மகள் | அடுத்த ஞாயிறு, இரவு 10.05

கொப்பி ஆறு நாளாக மேசையில் கிடந்தது. சாப்பிடும்போது தள்ளி வைப்போம், பிறகு திரும்ப எடுத்து வைப்போம். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இன்றிரவு ஜெபத்துக்கு இருந்ததும் அம்மா தானாகவே எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். முதல் வரியை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "காஸ். யார் சொல்கிறீர்கள்?" தம்பி சொன்னான். நாங்கள் கேட்டிராத ஒன்றைச் சொன்னான். கியூவில் அவனுக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் ஐயா ஒருவர், மூன்றாம் நாள் இரவு இவனைக் கடை வாசலில் படுத்துத் தூங்கச் சொல்லிவிட்டு, விடியும்வரை இவனுடைய சிலிண்டரையும் சேர்த்துக் காவல் காத்தாராம். காலையில் பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்தாராம். "அவருடைய பெயரைக் கேட்கவில்லை அம்மா" என்றான். பெயர் தெரியாத அந்த ஐயாவுக்காக நாங்கள் மூன்று பேரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நான்கு வரியைக் கடக்கவே அரை மணித்தியாலம் போனது. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு ஆள் இருந்தார்.

7ஆவது வரியை அம்மா சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும். வாத்தியார் ஐயா எழுதிய யோவான் 11ஐயும், நைட் டியூட்டித் தங்கச்சி வார்டைப் பற்றி எழுதியதையும் புதன்கிழமையே போனில் வாசித்துக் காட்டியிருந்தேன். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என்னிடம் பேனையைக் கேட்டார். சரி போடவில்லை. வரியை வெட்டவும் இல்லை. பக்கத்தில் எழுதினார்: "மூன்று மாதமும் முதுகில் ஒரு புண் வரவில்லை. ஸ்தோத்திரம்." கொஞ்ச நேரம் கழித்து அதன் கீழே: "கடைசி நாள் என் பெயரைச் சொன்னார்."

அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அறைக்கு வெளியே இருந்த நேரமாம். அம்மா இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு அழுதார், நாங்களும் அழுதோம். தம்பி எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.

18ஐயும் முடிக்கவில்லை. 11இல் நிற்கிறோம். 11ஆவது மேல்மாடி அன்ரியின் கண். அன்ரி சைவம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருக்காக இங்கே கீழே எங்கள் வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு மாதம் ஜெபித்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "இதை அவரிடம் சொல்ல வேண்டும்" என்கிறார் அம்மா. நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் மூன்று பேருமாக மேலே போகிறோம். அம்மா இப்போது குசினியில் தொதல் வெட்டி வைக்கிறார்.